பதினான்காம் கட்டத்து முத்திரை

மாசான்
தென் கொரியா
20 மார்ச் 1988

அன்புத் தங்கை மால்சுக்குக்கு அண்ணன் தல்சு எழுதுவது.

அங்கே பனி உருகிவிட்டதா? உன் இருமல் விட்டதா? மாப்பிள்ளை தேஷிக்கும் என் மருமகள் யுனாவும் சுகமாக இருக்கிறார்களா? இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலியைத் தவிரக் குறை ஒன்றும் இல்லை. உன் அண்ணி உனக்காகக் கடற்பாசி காய வைத்திருக்கிறாள். அடுத்த பார்சலில் வரும்.

கார் வாங்கப் போகிறோம், எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். இதென்ன கேள்வி? மீன்காரன் தங்கை எந்த மீன் நல்ல மீன் என்று பக்கத்துத் தெருவில் போய்க் கேட்பாளா?

எங்கள் தொழிற்சாலையில் 'நாரே' என்று ஒரு சின்னக் கார் செய்கிறோம். படம் போட்டுக் கொடுத்தது ஜெர்மனிக்காரன். தகடு வளைத்துப் பூட்டி ஓட வைப்பது நாங்கள். அதே காரை அமெரிக்கக் கப்பலில் ஏற்றும்போது மூக்கிலிருக்கும் 'நாரே'யை எடுத்துவிட்டு, ஹார்லன் கம்பெனியின் பறவைச் சின்னத்தை ஒட்டி 'ஃபின்ச்' ஆக்கிவிடுவோம். "பேரு மாறினாலும் பொண்ணு நம்ம ஊருப் பொண்ணுதான்யா" என்று அசெம்பிளி லைனில் கேலி பேசுவார்கள். அந்த ஃபின்ச்சை வாங்கு.

ஒரு ரகசியம் சொல்கிறேன். ஷோரூமுக்குப் போனதும் பின் சீட்டின் மெத்தையைத் தூக்கிப் பார். அடியில் மஞ்சள் காகிதம் ஒன்று இருக்கும். பரிசோதனைச் சீட்டு. அதில் இருபத்திரண்டு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பரிசோதகர் கையெழுத்துக்குப் பதில் தன் பெயர் முத்திரையை வைத்திருப்பார். பதினான்காம் கட்டம் ஸ்டியரிங். அங்கே சிவப்பு வட்டத்துக்குள் நம் பெயர் இருக்கும். எனக்கு இருபது வயதானபோது அப்பா மரத்தில் செதுக்கித் தந்தாரே, அதே முத்திரைதான். பகலில் இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பார்க்கிறோம், அதனால் எல்லா வண்டியிலும் என் முத்திரை இருக்காது. இருப்பதாகப் பார்த்து வாங்கு. உன் அண்ணன் தொட்டுப் பார்த்த வண்டி என்று நிம்மதியாக ஓட்டலாம்.

போன கோடையில் தொழிற்சாலையில் நடந்த வேலைநிறுத்தக் கலாட்டா எல்லாம் ஓய்ந்துவிட்டது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். இத்துடன் பேனாவை வைக்கிறேன்.

அண்ணன்
யாங் தல்சு


வாரன், மிச்சிகன்
2 மே 1988

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மாவின் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறீர்களா? அண்ணியின் கைக்கும் கடற்பாசிக்கும் என் வணக்கம். நாங்கள் மூவரும் சௌக்கியம்.

வாங்கிவிட்டோம்! வெளிர் நீலம். ஷோரூமில் நான் பின் சீட்டைப் பிடித்து இழுத்ததும் விற்பனைக்காரன் மிரண்டுபோனான். "என்னம்மா தேடுறீங்க?" என்றான். இவருக்கு வெட்கம் தாங்கவில்லை. "எதையாவது ஒளிச்சு வெச்சிருக்கியாடி?" என்று கொரிய மொழியில் பல்லைக் கடித்தார். முதல் வண்டியில் வேறு யாரோ. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவது வண்டி வெகுநாளாக ஒரு மூலையில் தூசியோடு கிடந்தது. சீட்டைத் தூக்கினேன், பதினான்காம் கட்டத்தில் நம் பெயர். அண்ணா, ஏழு வருடமாக இந்த ஊரில் நான் படித்த எழுத்துகளிலேயே எனக்கு முழுசாகப் புரிந்தது அதுதான். அங்கேயே நின்று அழுதுவிட்டேன். விலை அதிகம் என்று அழுவதாக நினைத்துக்கொண்டு அந்த ஆள் கொஞ்சம் குறைத்தான்.

உங்களுக்குத் தெரியும், இது கார்த் தொழிலாளிகள் ஊர். வெளிநாட்டு வண்டியைத் தெருவில் விட்டால் சாவியால் கீறிவிட்டுப் போவார்கள். நம் முகத்தைப் பார்த்தால் கேட்கவே வேண்டாம். ஃபின்ச் வந்த அன்று எதிர்வீட்டு கோவால்ஸ்கிக் கிழவர் சுற்றிச் சுற்றி வந்து பறவைச் சின்னத்தைத் தடவிப் பார்த்தார். "ஒருவழியா நம்ம ஊரு வண்டி வாங்கிட்டீங்க!" என்று இவர் முதுகில் தட்டினார். இவர், "ஆமா ஆமா, நம்ம ஊரு வண்டியேதான்" என்றார். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தோம்.

வண்டிக்குப் பூசையும் போட்டேன். பன்றித் தலை கிடைக்கவில்லை, பன்றிக் கால்தான். அரிசிக் கள்ளுக்குப் பதில் நாலு சக்கரத்திலும் பீர் ஊற்றினேன். சர்ச்சில் தெரிந்து பாதிரியார் திட்டினார். திட்டட்டும்.

உங்கள் முத்திரைச் சீட்டை அங்கேயே பத்திரமாக வைத்துவிட்டேன். யுனா பின் சீட்டில் உட்காரும்போதெல்லாம் "மாமா மேல உக்காந்திருக்கேன்" என்கிறாள்.

வயிறாரச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குங்கள்.

உங்கள்
மால்சுக்


மாசான்
9 அக்டோபர் 1988

தங்கைக்கு,

உன் இரண்டு கடிதங்களும் யுனாவின் படமும் கிடைத்தன. பதில் எழுதத் தாமதமானது என் தவறு. நீங்கள் எல்லாரும் நலம்தானே? அம்மா ஒலிம்பிக்ஸ் முழுவதையும் டிவியில் பார்த்தாள். வில்வித்தையில் நம் பெண்கள் ஜெயித்தபோது முழங்கால் வலியை மறந்து எழுந்து நின்றாள்.

இங்கே வேலை கொஞ்சம் மந்தம். போன வருடம் கப்பல் போதவில்லை, இந்த வருடம் கப்பல் காத்திருக்கிறது. அமெரிக்காவில் ஃபின்ச் முன்போலப் போகவில்லையாம். ஹார்லன் கம்பெனியிலிருந்து நீளமாக ஒரு டெலக்ஸ் செய்தி வந்தது. அது சம்பந்தமாக என்னையும் மாடிக்குக் கூப்பிட்டார்கள். பெரிய விஷயம் இல்லை.

ஒரு சின்ன ஆசை. அந்த மஞ்சள் சீட்டின் மேல் மூலையில் ஒரு தேதி இருக்கும். அது என்னவென்று பார்த்து எழுது. எந்த நாளில் நான் பார்த்த வண்டி என்று தெரிந்துகொள்ளத்தான். அவசரம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே எழுதிப் போட்டுவிடு.

குளிர் தொடங்கியிருக்கும். யுனாவுக்குக் கழுத்தைச் சுற்றிக் கட்டிவிடு.

அண்ணன்
தல்சு


வாரன்
24 அக்டோபர் 1988

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் கேட்ட தேதி 1987 ஆகஸ்ட் 19. போதுமா? பிறந்தநாள் கொண்டாடப் போகிறீர்களா? மாடிக்கு உங்களைக் கூப்பிட்டது பதவி உயர்வுக்குத்தான் என்று இவர் அடித்துச் சொல்கிறார். எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மா வில் வாங்கித் தரச் சொல்லி அடம்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோபித்துக்கொள்ளக் கூடாது, உங்கள் ஊருப் பெண் ஃபின்ச் கொஞ்சம் செல்லம் கொடுத்து வளர்த்த பெண்தான். கதவுக் கைப்பிடி ஒன்று கையோடு வந்துவிட்டது. கூரையில் பெயின்ட் செதில் செதிலாக உரிகிறது. இப்போது தெருவில் எல்லாருக்கும் இது எங்கிருந்து வந்தது என்று தெரியும். பத்திரிகையில் போட்டுவிட்டார்கள். கோவால்ஸ்கிக் கிழவர் எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார். தான் ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறார், பாவம்.

இன்னொன்று. எங்கள் லாண்டரிக் கடைக்கு இடதுபக்கம் திரும்பும்போது ஸ்டியரிங்குக்குக் கீழே டிக், டிக் என்று சத்தம். யுனா நாக்கால் அதே சத்தம் போட்டுக் காட்டுகிறாள். இவர் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு, "இப்ப கேக்குதா? கேக்கலல்ல?" என்கிறார். ஆண்பிள்ளைகளின் வைத்தியம்.

பதில் போடுங்கள்.

மால்சுக்


வாரன்
20 டிசம்பர் 1988

அண்ணாவுக்கு,

இரண்டு மாதம் ஆகிறது, ஒரு வரி இல்லை. அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? உங்களுக்கு உடம்பு சரியில்லையா? கைப்பிடி கழன்றது என்று எழுதியதற்குக் கோபமா? அப்படியானால் மன்னித்துவிடுங்கள். என் வாய் எப்போதும் இப்படித்தான் என்று உங்களுக்குத் தெரியாதா?

வண்டி இப்போது தங்கம். ஷோரூம் மெக்கானிக்கிடம் விட்டோம். அவன் கீழே படுத்துக்கொண்டு எதையெதையோ நன்றாக முறுக்கி இறுக்கினான். டிக் டிக் நின்றுவிட்டது. இனி நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

எல்லாரும் நலம் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள்.

மால்சுக்


மாசான்
10 ஜனவரி 1989

தங்கைக்கு,

கோபம் ஒன்றும் இல்லை. அம்மா நலம். நானும் நலம். எனக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது. பரிசோதனைப் பிரிவுக்குத் துணைத் தலைவன். இனி நான் லைனில் நிற்க வேண்டியதில்லை. கம்பெனியின் குடியிருப்பிலேயே வீடு தருகிறார்கள். சில காகிதங்களில் முத்திரை வைக்க வேண்டியிருந்தது, அந்த வேலையில்தான் நேரம் போய்விட்டது.

இப்போது நான் எழுதப்போவதைச் சிரிக்காமல் படி. ஹப்சோங் தெருவில் குறி சொல்லும் ஓர் அம்மாள் இருக்கிறாள். நம் அம்மா அவளிடம் போயிருக்கிறாள். வரப்போவது பாம்பு வருடம். நீ பன்றி வருடத்தில் பிறந்தவள். இதிலிருந்து மூன்று வருடம் உனக்குச் சம்ஜே, கெட்ட காலம். நீல நிறமாக, ஓடுகிற பொருளாக உன்னிடம் ஒன்று இருக்கிறது, அதை வீட்டைவிட்டு வெளியேற்றினால்தான் தப்பலாம் என்று அந்த அம்மாள் சொன்னாளாம். நம் அம்மா பயந்துபோயிருக்கிறாள்.

அதனால் அந்தக் காரை விற்றுவிடு. விற்கும்வரை எடுக்காதே. முக்கியமாக யுனாவை ஏற்றாதே. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனாலும் பெரியவர்கள் மனதுக்காகச் செய்.

அண்ணன்
தல்சு


வாரன்
16 பிப்ரவரி 1989

அன்புள்ள அண்ணாவுக்கு,

துணைத் தலைவருக்கு என் வணக்கம்! புது வீட்டில் எல்லாரும் சுகமா? வெந்நீர் வருகிறதா?

சிரிக்காமல் படி என்றீர்கள். முடியவில்லை. என் கல்யாணத்துக்கு அம்மா வாங்கி வந்த தாயத்தைக் கழிப்பறையில் போட்டது யார்? "குறிகாரி சொல்றது பலிக்கும்னா அவ ஏன் ஓட்டு வீட்ல உக்காந்திருக்கா?" என்று கேட்டது யார்? உங்கள் கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். "உங்கண்ணனுக்குப் பதவி வந்ததும் மூளை போயிருச்சு" என்கிறார்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. சந்திரப் புத்தாண்டு அன்று நீங்கள் போன் செய்தீர்கள். நம் பழைய தெருக் கடைக்காரர் வீட்டு போனில் கியூ நிற்குமே, எப்படி அவ்வளவு காலையில் கிடைத்தது என்று ஆச்சரியமாக இருந்தது. "அம்மா நல்லா இருக்கா. வண்டி..." என்றீர்கள். பிறகு நிறுத்திவிட்டீர்கள். நான் அலோ அலோ என்கிறேன், உங்கள் மூச்சு மட்டும் கேட்கிறது. மூன்று நிமிடம் முடிந்து லைன் போய்விட்டது. என்ன சொல்ல வந்தீர்கள்?

காரை விற்க முடியாது அண்ணா. ஃபின்ச் என்றாலே இங்கே சிரிக்கிறார்கள். அது இல்லாமல் கடைக்கும் யுனாவின் பள்ளிக்கும் எப்படிப் போவது? பஸ் ஏது இங்கே? அம்மாவிடம் சொல்லுங்கள், நான் மெதுவாகத்தான் ஓட்டுகிறேன். சீட்டுக்கு அடியில் நீங்கள் இருக்கும்போது எனக்கென்ன பயம்?

மால்சுக்


மாசான்
2 மார்ச் 1989

மால்சுக்,

அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். நீ காரைக் கொடுத்துவிட்டேன் என்று எழுதும்வரை கஞ்சிகூட வேண்டாம் என்கிறாள்.

மூத்தவன் என்று சொல்லி இதுவரை உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. நீ தேஷிக்கைக் கட்டிக்கொண்டு கடல் தாண்டியபோதும் தடுக்கவில்லை. இதை மட்டும் கேட்கிறேன். கொடுத்துவிடு.

வண்டியில் குறை என்று நினைத்துவிடாதே. அது நல்ல வண்டி. பன்றி, முயல், ஆடு, இந்த மூன்று வருடங்களில் பிறந்தவர்களுக்குத்தான் ஆகாது. மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாது.

ஷோரூமில் யாரிடமும் என் கடிதங்களைக் காட்டாதே.

அண்ணன்


வாரன்
30 மார்ச் 1989

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா கஞ்சி குடித்தாளா? உடனே ஒரு கிண்ணம் கொடுத்து, மால்சுக் சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டாள் என்று சொல்லுங்கள். உங்களுக்கும் உடம்பு இளைத்திருக்கும் என்று தோன்றுகிறது. மாமிசம் சாப்பிடுங்கள்.

கொடுத்துவிட்டேன். சர்ச்சில் பேக் இன்சுக் என்று ஒரு பெண். அமெரிக்கச் சிப்பாயைக் கட்டிக்கொண்டு வந்தவள், அவன் விட்டுவிட்டுப் போய்விட்டான். ஒரே மகள் லிசா, யுனாவின் வயது. முதியோர் இல்லத்தில் வேலை. விடிவதற்கு முன்பே மகளை இழுத்துக்கொண்டு இரண்டு மைல் நடந்து, யாராவது ஏற்றிக்கொண்டு போவார்களா என்று நிற்பாள். அவளிடம் சாவியைக் கொடுத்தபோது என் கையை விடவே இல்லை. "அக்கா, நெசமாவா? நெசமாவா குடுக்குறீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பதிலுக்கு எங்கள் கடைக்கு உடுப்புத் தைத்துத் தருகிறேன் என்கிறாள்.

பயப்படாதீர்கள், நான் விசாரிக்காமல் கொடுக்கவில்லை. முதலில் ஜங் வீட்டுக்காரம்மா கேட்டாள். அவள் ஆடு வருடம், மாட்டேன் என்றுவிட்டேன். இன்சுக் அறுபத்திரண்டில் பிறந்தவள், புலி வருடம். லிசா எலி. இரண்டு பேருக்கும் சம்ஜே இல்லை. மளிகைக் கடை அம்மாவிடம் பஞ்சாங்கம் வாங்கி இரண்டு தரம் சரிபார்த்தேன்.

இப்போது அவள் தினமும் நெடுஞ்சாலையில் முப்பது மைல் போகிறாள். சீட்டைத் தூக்கி உங்கள் முத்திரையையும் காட்டினேன். "எங்கண்ணன் பாத்த வண்டி, கவலைப்படாம ஓட்டு" என்று சொன்னேன்.

இனியாவது நிம்மதியாகத் தூங்குங்கள்.

மால்சுக்


வாரன்
3 ஜூன் 1989

அண்ணாவுக்கு,

இன்சுக் செத்துப்போய்விட்டாள். மே 22, காலை. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவில் வண்டி வளையவே இல்லை. நேராகப் போய்ப் பாலத்துத் தூணில் மோதியது. பின்னால் லாரியில் வந்தவன், அந்தப் பெண் ஸ்டியரிங்கைச் சுற்றிக்கொண்டே இருந்ததைப் பார்த்தானாம். "பம்பரம் மாதிரி சுத்துறா, சக்கரம் ஒரு இஞ்சுகூடத் திரும்பல" என்று போலீஸிடம் சொல்லியிருக்கிறான்.

லிசா பிழைத்துவிட்டாள். கை மட்டும் முறிந்திருக்கிறது. இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறாள், யுனாவின் கட்டிலில். பேசுவதில்லை. யுனா நாக்கால் டிக் டிக் என்று ஏதோ விளையாட்டுக்குச் சத்தம் போட்டாள். நான் முதல்முறையாக என் பிள்ளையை அடித்தேன்.

போன வாரம் நம் பழைய கடைக்காரர் நம்பருக்குப் போன் செய்தேன். நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துத்தான். அவர் புது வீட்டுக்கு ஆள் அனுப்பி அம்மாவை வரவழைத்தார். "அம்மா, இப்ப சாப்பிடுறியா?" என்று கேட்டேன். "நான் எப்படி சாப்பிடாம இருந்தேன்? தினமும் ரெண்டு கிண்ணம் திங்கிறேன்" என்றாள். ஹப்சோங் தெருக் குறிகாரியைப் பற்றிக் கேட்டேன். "அவ செத்து மூணு வருஷம் ஆச்சேடி" என்றாள்.

மோதியதில் பின் சீட்டு பெயர்ந்து, மஞ்சள் சீட்டு வெளியே வந்துவிட்டது. இன்சூரன்ஸ் வக்கீல் அதைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார். பதினான்காம் கட்டத்துச் சிவப்பு வட்டத்தை வாசிக்க ஆள் இல்லை. சர்ச்சில் கேட்டிருக்கிறார். அவர்கள் என்னைக் கைகாட்டியிருக்கிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமை நான் போய் அந்தப் பெயரை வாசிக்க வேண்டும்.

1987 ஆகஸ்ட் 19 அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

மால்சுக்


மாசான்
19 ஏப்ரல் 1989

அன்புத் தங்கை மால்சுக்குக்கு,

நீ உடம்பு சுகமாக இருக்கிறாயா? மாப்பிள்ளையும் யுனாவும் நலமா? நேற்று உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்சுக் என்ற அந்தப் பெண்ணிடம் இன்றே போய்ச் சாவியை வாங்கிக்கொள். அந்த வண்டியை யாரும் எடுக்கக் கூடாது. எந்த வருடத்தில் பிறந்தவர்களும்.

உன் மஞ்சள் சீட்டில் இருக்கும் தேதியன்று நான் தொழிற்சாலையிலேயே இல்லை. எண்பத்தேழு ஆகஸ்டில் ஆட்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தார்கள். அவர்களோடு உட்கார எனக்குத் தைரியம் இல்லை, உள்ளே போய் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேலை செய்யவும் தைரியம் இல்லை. ஜின்ஜுவில் மாமனார் வீட்டுக்குப் போய்ப் பதினோரு நாள் ஒளிந்திருந்தேன். போகும்போது பிரிவுத் தலைவர், "முத்திரைய மட்டும் டிராயர்ல வெச்சுட்டுப் போப்பா, நாங்க பாத்துக்கறோம்" என்றார். யார்தான் வைப்பதில்லை? எல்லா ஆபீஸிலும் முத்திரை டிராயரில்தான் கிடக்கும். ஆனால் நான் டிராயரில் வைக்கவில்லை. அவர் கையிலேயே கொடுத்தேன்.

அந்தப் பதினோரு நாளும் கணக்கர்களும் மேலதிகாரிகளும் லைனை ஓட்டினார்கள். கப்பல் காத்திருந்தது. ஸ்டியரிங் தண்டைக் கீழே பூட்டும் போல்ட்டு தீர்ந்துபோய், வேறு எதற்கோ வாங்கிய மெல்லிய போல்ட்டைப் போட்டிருக்கிறார்கள். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கொஞ்ச நாளில் டிக் டிக் என்று சத்தம் வரும். முறுக்கி இறுக்கினால் சத்தம் நிற்கும், ஆனால் இன்னும் சீக்கிரம் உடையும். பதினான்காம் கட்டத்தில் எல்லாவற்றுக்கும் என் முத்திரை.

போல்ட்டு விஷயம் டெலக்ஸ் வந்த அன்றுதான் தெரிந்தது. உன்னை வாங்கச் சொன்னபோது எனக்குத் தெரியாது, அதை மட்டும் நம்பு. பிறகு உன் தேதி வந்தது. என்னை மறுபடியும் மாடிக்குக் கூப்பிட்டு, அந்த நாட்களில் நான்தான் எல்லா வண்டியையும் பார்த்தேன் என்று ஒரு காகிதத்தில் முத்திரை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். அதற்குத்தான் பதவி. அதற்குத்தான் வீடு.

அந்த ஒரு போல்ட்டின் பெயரை உனக்கு எழுதியிருந்தால் போதும், எந்த மெக்கானிக்கும் அரைமணி நேரத்தில் மாற்றியிருப்பான். நீ அதை ஷோரூமில் காட்டுவாய், அவர்கள் ஹார்லனுக்கு எழுதுவார்கள், அது இங்கே வந்து சேரும் என்று பயந்தேன். அதனால் குறிகாரியைக் கூப்பிட்டேன்.

இப்போது லைன் வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது. ஃபின்ச்சை நிறுத்திவிடப் போகிறார்களாம். பறவைச் சின்னங்கள் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. குடியிருப்புப் பிள்ளைகள் அவற்றை எடுத்து வந்து சில்லுக்கோடு ஆடுகிறார்கள்.

சாவியை வாங்கிக்கொள். இன்றே.

அண்ணன்
யாங் தல்சு


வாரன்
2 ஜூலை 1989

யாங் தல்சு அவர்களுக்கு,

உங்கள் கடிதம் ஜூன் 24 அன்று கிடைத்தது. உள்ளே ஏப்ரல் 19 என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். உறையின் மேல் மாசான் தபால் நிலையம் ஜூன் 14 என்று முத்திரை குத்தியிருக்கிறது. எழுதிய அன்றே போட்டிருந்தால் அது மே மாதம் பிறப்பதற்கு முன் என் கைக்கு வந்திருக்கும். இன்சுக் மூன்று வாரம் கழித்துத்தான் செத்தாள். அந்த மூன்று வாரத்தில் எங்கள் கடைக்கு அவள் பதினேழு உடுப்புத் தைத்துக் கொடுத்தாள். இன்னும் மாட்டித்தான் இருக்கின்றன.

வெள்ளிக்கிழமை போனேன். வக்கீல் மஞ்சள் சீட்டை மேஜைமேல் வைத்து, "இதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார். வாசித்தேன். "இவரை உங்களுக்குத் தெரியுமா?" என்றார். என் கல்யாணப் பதிவிலும் அப்பாவின் சாவுச் சான்றிலும் இதே முத்திரைதான் இருக்கிறது என்றேன்.

ஷோரூம் வாசலில் ஃபின்ச் போர்டைக் கழற்றிவிட்டார்கள். இனி அந்த வண்டி வராது. வந்த வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பதினோரு நாளில் எத்தனை வண்டி செய்திருப்பார்கள் என்று இவர் கேட்டார். எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அதனால் உங்கள் கடிதத்தை வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். ஒருவரிடமும் காட்டாதே என்று எழுதியிருந்தீர்கள். ஒருமுறை உங்கள் பேச்சைக் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

அதை ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டுமாம். இந்த ஊரில் வேறு ஆள் இல்லை, என்னையே செய்யச் சொல்கிறார்கள். முதல் வரி குடும்ப விஷயம்தானே, விட்டுவிடட்டுமா என்று கேட்டேன். "ஒரு வார்த்தகூட விடக் கூடாதும்மா" என்றார். காலையிலிருந்து சமையலறை மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் லிசா கட்டுப்போட்ட கையோடு படம் வரைகிறாள். போல்ட்டு, டெலக்ஸ், டிராயர் எல்லாம் சுலபமாக வந்துவிட்டன. 'நீ உடம்பு சுகமாக இருக்கிறாயா' என்ற வரியில்தான் இன்னும் நிற்கிறேன்.

மால்சுக்